ஆகஸ்ட் முதல் வாரத்துப் பிள்ளைகள்

குமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கன்னியாகுமரி, சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கேரள எல்லை வரை நீளும் ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுக்காரர்கள் அந்த 61 நாளும் கரையில் இருப்பார்கள். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட அப்பாவே வருவார். ஜூலை 31 நள்ளிரவு தாண்டினால் படகுகள் கிளம்பிவிடும். ஒரு தங்கலுக்குப் போனால் திரும்பிவர ஒரு மாதம் ஆகும், சில நேரம் அதற்கும் மேலே.

அந்தக் கரையில் ஒரு தொடக்கப்பள்ளியில் பல வருடம் வகுப்பெடுத்தவள் நான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வகுப்பு ஏன் கலங்கிப்போகிறது என்று எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின. சண்டை கூடும், ஒன்றுக்குப் போகணும் என்று எழுந்து நிற்கிறவர்கள் கூடுவார்கள், வயிற்றுவலி கூடும். மழைக்காலம், சளி, காய்ச்சல் என்றுதான் நினைத்தேன்.

புரியவைத்தது நாலாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை. 52-இல் இருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லி கரும்பலகைக்கு அழைத்தேன். ஜூலை கடைசியில் இதைவிடக் கடினமான கணக்கையெல்லாம் சரியாகப் போட்டவள் அவள். அன்றைக்கு 35 என்று எழுதினாள். இரண்டில் இருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்க வேண்டும் என்பது மறந்து, ஏழில் இருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிட்டாள். "கவனம் எங்க இருக்கு?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். உள்ளங்கையால் விடையை அழித்தாள். அழித்த இடத்தில் மறுபடியும் 35 எழுதினாள். சாக்பீஸ் விரல்களுக்கிடையில் நடுங்கிக்கொண்டிருந்தது. மதியம் சத்துணவு அம்மா சொன்னார்: "அவளுக்க அப்பா போட்டுல ஏறிட்டாரு டீச்சர். பிள்ள ரெண்டு நாளா ஒழுங்கா உறங்கல."

கவனம் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் பதில். அவளுக்குக் கழித்தல் தெரியாமல் போகவில்லை. கழித்தலுக்கு வேண்டிய இடத்தை வேறொன்று எடுத்துக்கொண்டிருந்தது.

இந்த 'இடம்' என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வது இல்லை. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு வேண்டியவற்றை மனதில் பிடித்து வைத்திருக்கும் திறனை உளவியலில் செயல்படு நினைவு என்கிறார்கள். அது மிகச் சிறியது. பெரியவர்களாலேயே ஒரே நேரத்தில் ஏறக்குறைய நாலு விஷயங்களைத்தான் அப்படிப் பிடித்து வைக்க முடியும் என்கின்றன ஆய்வுகள். சிறு பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள். இரண்டில் ஏழு போகாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தில் ஒன்றைக் கடன் வாங்கினால் அது நாலாகிவிட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு இப்போது பன்னிரண்டு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. திரும்பி வந்து நாலில் இரண்டைக் கழிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருகிற இது, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கை நிறையச் சுமை. அதன்மேல் 'அப்பா இப்ப எங்க இருப்பாரு' என்ற ஒன்றையும் வைத்தால் ஏதாவது ஒன்று கீழே விழத்தான் செய்யும். அவளுக்கு விழுந்தது அந்தக் கடன் வாங்கிய ஒன்று.

மூளைக்குள் நடப்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன். ஆபத்து வருகிறதா என்று காவல் இருக்கிற பகுதி ஒன்று உண்டு, பாதாம் பருப்பு அளவில், அமிக்டலா என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி யோசிக்க, திட்டமிட, பொறுத்திருக்க. புதிதாகக் கற்றதைப் பதிய வைப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு முக்கியப் பங்கு. பயம் வந்தால் காவல்காரனின் கை ஓங்குகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளில் இருந்து அட்ரினலினும் கார்ட்டிசோலும் இறங்குகின்றன. உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. கடன் வாங்கிக் கழிக்கிற பொறுமையான யோசனை அப்போது பின்னால் தள்ளப்படுகிறது. நாய் துரத்தும்போது இது நல்ல ஏற்பாடு. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது இதே ஏற்பாடுதான் பிள்ளையைக் கைவிடுகிறது.

"வீட்ல கடகடன்னு ஒப்பிச்சான் டீச்சர், இங்க வந்தா மட்டும் வாயே தெறக்க மாட்டேங்கான்" என்று சொல்லாத அம்மா உண்டா? அது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வு இதற்கு நேராகவே விளக்கம் தருகிறது. சூரிச் நகர ஆய்வாளர்கள், முந்தின நாள் சில சொற்களை மனப்பாடம் செய்திருந்த பெரியவர்களுக்கு, அவற்றைக் கேட்பதற்கு ஒரு மணிநேரம் முன்பு கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில் அது கார்ட்டிசோலாக மாறும். மாத்திரை எடுத்தவர்களால் குறைவான சொற்களையே நினைவுகூர முடிந்தது. அதே மாத்திரையை மனப்பாடம் செய்வதற்கு முன்பு கொடுத்தபோது இந்தப் பாதிப்பு இல்லை. படித்தது உள்ளே இருந்தது, எடுக்கிற வழிதான் அடைபட்டது. பதற்றத்தில் நின்ற பிள்ளை 'படிக்கவே இல்லை' என்று நாம் எழுதும் தீர்ப்பு எத்தனை முறை தவறாக இருந்திருக்கும் என்று இதைப் படித்த நாளில் யோசித்துப் பார்த்தேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்படியானால் பயம் காட்டினால் பிள்ளைகள் படிக்கிறார்களே, அது எப்படி? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. "கண்ண மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் அடிங்க டீச்சர்" என்று சொல்லும் அப்பாக்கள் கெட்டவர்கள் இல்லை. அடி வாங்கிப் படித்து முன்னேறிய அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. அதற்கான விளக்கம் 1908-லேயே கிடைத்துவிட்டது. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு இரண்டு வழிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். தவறினால் சின்ன மின் அதிர்ச்சி. வேறுபாடு கண்டுபிடிக்கச் சுலபமாக இருந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோது அப்படி நடக்கவில்லை. ஓரளவுக்கு மேல் அதிர்ச்சி போனதும் கற்பது மந்தமானது.

எலிக்கும் பிள்ளைக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் பிற்பாடு மனிதர்களிடம் நடந்த பல ஆய்வுகளும் ஏறக்குறைய இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஏழாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது போன்ற வேலைக்குப் பிரம்பின் பயம் உதவுகிற மாதிரி தெரியும். எழுத்துக்கூட்டி ஒரு புதிய பத்தியைப் படித்துப் பொருள் சொல்வது, வழிக்கணக்கைப் புரிந்துகொள்வது, சொந்தமாக நாலு வரி எழுதுவது எல்லாம் அதே பயத்தில் உறைந்துவிடும். அடித்துப் படிக்க வைத்த வகுப்பு ஒப்பிக்கும்போது கெட்டிக்கார வகுப்பாகத் தெரிவதும், வினாத்தாளில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் சரிந்துவிடுவதும் இதனால்தான் என்று நான் நம்புகிறேன். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளைகளுக்கு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. இரண்டாவது இன்னும் போகவில்லை. மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்து விடைத்தாள் கொடுப்பது, அக்காவோடு ஒப்பிடுவது, 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று சொல்வது. உடம்பில் தழும்பு விழவில்லை என்பதற்காக அமிக்டலா இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

குமரியில் இந்த மதிப்பெண் பாரம் கொஞ்சம் கூடுதல். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம். இருநூறு வருடமாகப் பள்ளிக்கூடம் பார்த்த மண். படிப்புதான் பல சமுதாயங்களைத் தலைநிமிர வைத்தது என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை, உண்மையான கதையும்கூட. அந்தப் பெருமையின் எடையை ஏழு வயதுப் பிள்ளையும் தோளில் உணர்கிறது. தேர்வு முடிவு நாளில் பக்கத்து வீட்டு மாமி கேட்கிற முதல் கேள்வி எதுவென்று அதற்குத் தெரியும்.

வடக்கே குலசேகரம், அருமனை என்று மலையடிவாரம் போனால் கதை வேறு. அங்கே அலை கிடையாது, ரப்பர். காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஊறும் என்பதால் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போகிற வீட்டில் மூத்த பெண்தான் அடுப்பு பற்ற வைத்து, கட்டன் சாயா போட்டு, தம்பியை எழுப்பி, குளிப்பாட்டிக் கூட்டி வருவாள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணிநேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைக்கிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கம் குறைந்த பிள்ளை சோர்ந்து மட்டும் போகாது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழும், அழும். அதையும் 'திமிர்' என்று எழுதிவிடுகிறோம். வெறும் வயிறும் அப்படித்தான். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பசி தீர்க்கும் திட்டம் என்று மட்டும் பார்க்காமல், முதல் பாடவேளையை மீட்டுத் தந்த திட்டம் என்றும் பார்க்க வேண்டும்.

கடற்கரைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ஒக்கியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2017 நவம்பர் 30. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் புயல் செய்தி போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவில்லை, பல உடல்கள் கிடைக்கவும் இல்லை. 2004 சுனாமியில் கொட்டில்பாடும் மணக்குடியும் குளச்சலும் பட்ட பாடு வேறு, அதில் இழப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒக்கியில் பல வீடுகளில் அடக்கம் செய்ய ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி எங்கே ஏற்றுவது என்று தெரியாத வீடுகள் அவை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்து, இதற்கு ஒரு பெயர் தந்தார். நிச்சயமற்ற இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். இறந்துவிட்டார் என்று சொன்னால் துரோகம் மாதிரி, வருவார் என்று சொன்னால் பொய் மாதிரி. பெரியவர்களையே உறைய வைக்கும் நிலை அது.

அந்த நிலையில் இருக்கிற பிள்ளை எப்போதும் அழுதுகொண்டிருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். வேறு எந்த அடையாளமும் இல்லை. சத்தம் போடுகிற, அடிக்கிற பிள்ளையை நாம் உடனே கவனித்துவிடுகிறோம், திட்டுவதற்காகவாவது. அமைதியாக உட்கார்ந்து, நோட்டில் அழகாகப் பார்த்தெழுதி, ஒன்றையும் உள்ளே வாங்காமல் வீடு போகும் பிள்ளை நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிவிடும். எனக்கு அதிகப் பயம் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

நம் பாட்டிமாருக்கு இதில் பாதி தெரியும். "அப்பன நெனச்சு ஏங்கிட்டு, அதான் காய்ச்சல்" என்பார்கள். ஏக்கம் உடம்பில் இறங்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பார்கள், ஓதிக் கயிறு கட்டுவார்கள். ஏக்கம் காய்ச்சலாகும் என்று நம்பிய நாம், அது கணக்கில் தவறாகவும், வாசிப்பில் திக்கலாகவும் வரும் என்று மட்டும் ஏன் நம்பவில்லை?

மறுபக்கமும் உண்டு. மகிழ்ச்சியும் ஆர்வமும் சும்மா அலங்காரம் இல்லை, கற்கிற வேலையை நேரடியாகத் தூக்கிவிடுபவை. கலிபோர்னியாவில் 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், விடை தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இடையே காட்டப்பட்ட சம்பந்தமே இல்லாத முகங்களைக்கூட ஆட்கள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஆர்வம் திறந்த கதவு வழியாகப் பக்கத்தில் நிற்பதும் உள்ளே போய்விடுகிறது. என் வகுப்பில் ஒருவன் காய்ந்த பேத்தை மீன் ஒன்றைக் கொண்டுவந்தான், பந்து மாதிரி ஊதி, முள்ளோடு. அது ஏன் ஊதுகிறது, கறி வைத்தால் என்ன ஆகும், யார் செத்துப்போனது என்று வகுப்பே அவன் மேசையைச் சுற்றி நின்றது. அன்று நடத்திய திசைப் பாடத்தை அந்த வகுப்பு வருடக் கடைசி வரை மறக்கவில்லை.

அவனுடைய அம்மா மீன்கூடை வியாபாரம். கரையில் ஏலம் கேட்பதை அவன் பார்த்து வளர்ந்தவன். 340 ரூபாய் மீனுக்கு 500 கொடுத்தால் பாக்கி எவ்வளவு என்று அவனிடம் கரையில் வைத்துக் கேட்டால் விடை வாயில் இருக்கும். தாளில் 500 - 340 என்று எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கடிப்பான். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து நடந்து 1985-இல் வெளியான பெயர்பெற்ற ஆய்வும் இதையே கண்டது. வியாபாரத்துக்கு நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். கையில் இருக்கிற பொருளோடு சேர்ந்த கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது, தாளில் அது இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். நான் என் அனுபவத்தில் இருந்து ஒன்றைச் சேர்ப்பேன். கரையில் அவன் அம்மாவுக்கு உதவுகிறவன், தவறினால் அம்மா சிரித்துத் திருத்துவாள். வகுப்பில் அவன் தவறப்போகிறவன். இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பது ஒரே பையன் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய உபாயம் ஒன்றும் என்னிடம் இல்லை. முதலில் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழக்கலாம். கலிபோர்னியாவில் 2007-இல் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்றில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல் சூட்டியபோதே அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிந்தது. நம் ஊரில் அதற்குச் சொல் பஞ்சமே இல்லை. பேடி, வெப்ராளம் என்கிற படபடப்பு, சங்கடம், ஏக்கம், கெறுவு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. பாடப்புத்தகத்தின் 'அச்சம்' வராத பிள்ளைக்கு 'பேடியா இருக்கு' உடனே வரும். அந்த வட்டாரப் பேச்சைத் திருத்தாமல் விடுவதே பாதி வேலை.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் மனதில் உள்ள பயத்தை எழுதச் சொன்னால் மதிப்பெண் கூடுகிறது என்று 2011-இல் சிகாகோவில் இருந்து ஒரு ஆய்வு வந்தது, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2018-இல் வேறொரு குழு அதன் ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் மதிப்பெண் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நான் எழுதச் சொல்வதை நிறுத்தவில்லை. 'ராத்திரி அப்பா குடிச்சிட்டு வந்து பாத்திரத்த எறிஞ்சாரு' என்று ஒரு தாளில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அன்று நான் தேர்வு வைக்கவில்லை. இப்படி வீட்டில் ஆபத்து தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. மனநல உதவிக்கு 14416, பள்ளிக்கல்வித் துறையின் உதவிக்கு 14417. இந்த மூன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எப்போதும் இருந்தன.

அப்புறம், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பது. தினமும் ஒரே மாதிரி தொடங்குகிற காலை, சொன்னால் சொன்னபடி நடக்கிற ஒரு பெரியவர். எதுவும் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற வீட்டில் இருந்து வருகிற பிள்ளையின் காவல்காரனைக் கொஞ்சம் உட்கார வைப்பது இதுதான். பிந்தைய வருடங்களில் ஆகஸ்ட் முதல் தேதி வகுப்பில் ஒரு நாட்காட்டியை மாட்டுவேன். யார் வீட்டுப் படகு போயிருக்கிறது, எப்போது கரை சேரும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளே வந்து குறிப்பார்கள். வயர்லெஸ்ஸில் அப்பா பேசிய நாளுக்கு ஒரு நட்சத்திரம். புதிய பாடம் எதையும் அந்த வாரத்தில் தொடங்க மாட்டேன், பழையதைத்தான் திருப்புவோம்.

அந்தப் பெண்பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், ஆகஸ்ட் இரண்டாம் வாரம், காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே என் மேசைக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், இண்ணைக்கு எனக்கு வெப்ராளமா இருக்கு. கணக்கு நாளைக்குப் போடட்டா?"

"சரி மக்களே," என்றேன்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு விசைப்படகு வரைந்தாள். பதிவு எண் வரை எழுதினாள், நீல நிறத்தில். மூன்றாவது பாடவேளையில் நான் கேட்காமலேயே கணக்கு நோட்டை எடுத்துத் திறந்தாள்.